நொத்தாரிசு வீட்டுப் பெட்டகம்

யாழ்ப்பாணத்துப் பழைய நொத்தாரிசுக் குடும்பங்களின் பெட்டகங்களில் உறங்கும் உறுதிகளை வெறுங் கடதாசிகளென நாம் எண்ணுதல் தகாது. ஒல்லாந்தர் 1707-ஆம் ஆண்டில் தேசவழமையைத் தொகுப்பித்தனர். ஆங்கிலேயர் 1806-இல் அதனைச் சட்டமாக ஏற்றனர். காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுத்தில் முடிதல் வேண்டுமென 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது.

முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பிரிவுகளும், காணியின் பெயரும், நான்கெல்லையும், கிணற்றுப் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் இவ்வுறுதிகளிலே துலங்குகின்றன. சீதனம் மகளுக்குரிய சொத்தாதலால், வேறெங்கும் எழுதப்படாத பாட்டியொருத்தியின் பெயரையும் ஈண்டுக் காணலாம்.

போரினால் இடம்பெயர்ந்து உறுதியிழந்தோர் பலர். அவர்தம் உரிமைக்குக் காணிப் பதிவகப் பிரதியும், நொத்தாரிசு தம்வசம் வைத்த பிரதியுமே துணையாவன. கறையான் அரித்தபின் வருந்திப் பயனென்ன? மாணவர்களே, வீட்டு உறுதிகளை மூத்தோருடன் அமர்ந்து இன்றே படித்தறிவீர்!