மரை பொருந்தாத மொட்யூல்

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் ஊருக்குள் புகுந்தபோது, இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இங்கே மாண்டார்கள். யார் காணாமல் போனார்? எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தக் குடும்பம் தங்கியிருக்கிறது? எந்த முகாமுக்குப் பால்மா போய்ச் சேர்ந்தது, எதற்குச் சேரவில்லை? கொப்பியும் பேனாவும் கொண்டு எழுதி முடிக்கக்கூடிய கணக்கா அது!

அந்த நாட்களில் கொழும்பில், லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனைச் சுற்றித் திரண்ட கணினித் தொண்டர்கள் இராப்பகலாக எழுதிய மென்பொருள்தான் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனவர்கள், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பதிவேடு இருந்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அது போய் உதவியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது.

சஹானா பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸ் கணினியில், அபாச்சி என்ற வெப் சர்வரின் மேல் அது ஓடியது. பிஎச்பிக்கும் அபாச்சிக்கும் நடுவில் ஒரு சிறிய கோப்பு உண்டு: பிஎச்பி மொட்யூல். உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை அபாச்சி வாங்குகிறது. அதை பிஎச்பிக்குப் புரியவைத்து, விடையைத் திருப்பித் தருவது இந்த மொட்யூல். அது ஏறாவிட்டால் மேலே எவ்வளவு அருமையாக நிரல் எழுதி வைத்திருந்தாலும் பயனில்லை. ஒரு பக்கமும் திறக்காது.

இன்று ஒரே கட்டளையில் அது நிறுவப்பட்டுவிடும். ஆனால் யுனிக்ஸ் உலகில் வெகுகாலம் இதை மூல நிரலிலிருந்து தானே கட்டியெடுக்க வேண்டியிருந்தது. விசேஷத் தேவை உள்ளவர்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். கட்டளைகள் மூன்றுதான்: கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். முதலாவது கணினியில் என்னென்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கும். இரண்டாவது நிரலைத் தொகுக்கும். மூன்றாவது உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும்.

அம்பாறைக் கரையிலுள்ள பாலமுனையில், வீட்டு மேசையில் ஒரு பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் இதைச் செய்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊரான ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இப்படிப் பயில்கிறவர்களுக்கு இந்தக் கரையில் குறைவில்லை. திரையில் வரிகள் ஓடுகின்றன. திடீரென்று நிற்கின்றன.

"காக்கா, கடைசி வரியில எரர் ரெண்டு எண்டு போட்டிரிக்கி."

"கடைசி வரிய உடு தம்பி. மேல போ. முதல் எரர் எங்க வந்திரிக்கி எண்டு பாரு."

அனுபவப்பட்டவர் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கடைசி வரி, வேலை நின்றுவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. காரணம் நாற்பது, ஐம்பது வரிகளுக்கு மேலே கிடக்கும். தலைப்புக் கோப்பு ஒன்றைக் காணவில்லை என்ற ஒற்றை வரி அங்கே இருக்கும். அதற்குக் கீழே வருபவை பெரும்பாலும் அதன் குட்டிகள். நேரத்தை மிச்சப்படுத்தப் பல வேலைகளை ஒரேயடியாக ஓடவிட்டிருந்தால் வரிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். அப்போது ஒற்றை ஓட்டமாக மறுபடி ஓடவிட்டு, வருவது முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு படிப்பது நல்லது.

கான்ஃபிகர் கட்டத்திலேயே நின்றால் திரையை நம்பவே கூடாது. ஒரு நூலகம் இருக்கிறதா என்று அறிய, கான்ஃபிகர் நாலைந்து வரியில் ஒரு குட்டி சி நிரலை எழுதித் தொகுத்துப் பார்க்கிறது. அது தொகுபட்டால் "இருக்கிறது", தொகுபடாவிட்டால் "இல்லை". ஏன் தொகுபடவில்லை என்பது திரைக்கு வருவதில்லை. அந்தக் குட்டி நிரலும் அதைப் பற்றித் தொகுப்பி முறையிட்டதும் கான்ஃபிக்.லாக் என்ற கோப்பில் அப்படியே பதிவாகியிருக்கும். நூலகம் கணினியில் இருந்தும் "இல்லை" என்று வந்தால், பெரும்பாலும் ஓடுவதற்கான பொதி மட்டும் நிறுவப்பட்டிருக்கிறது. கட்டுவதற்கான தலைப்புக் கோப்புகள் வேறு பொதியில் இருக்கின்றன. அபாச்சிக்கும் அப்படித்தான். மொட்யூல் கட்டுவதற்கு ஏபிஎக்ஸ்எஸ் என்ற கருவி வேண்டும். டெபியனில் அது அபாச்சி2-டெவ் பொதியிலும், ரெட் ஹெட் குடும்பத்தில் எச்டிடிபிடி-டெவெல் பொதியிலும் வருகிறது.

இதுவரை சொன்னவை எளிதானவை. தொகுப்பு ஒரு பிழையும் இல்லாமல் முடிந்து, அபாச்சி அந்த மொட்யூலை ஏற்ற மறுப்பதுதான் ஆளைத் திணறடிக்கும்.

படகு இஞ்சின் பழுது பார்ப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். 8 மில்லிமீட்டர் போல்ட்டும் 5/16 அங்குலப் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். விட்டத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் ஓரிரு சுற்று போகும், பிறகு இறுகி நின்றுவிடும். மரை வேறு. மொட்யூலும் சர்வரும் அப்படித்தான். கணினியோடு வந்த அபாச்சி ஒன்று. யாரோ ஒருமுறை தனியாகக் கட்டி வைத்த அபாச்சி இன்னொன்று. ஒன்றின் ஏபிஎக்ஸ்எஸ்ஸைக் கொண்டு கட்டி மற்றதில் ஏற்றினால் மரை பொருந்தாது.

அபாச்சியை எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மொட்யூலுக்குள்ளும் ஓர் அடையாள எண் பொதிந்திருக்கிறது. 2.4 பதிப்பில் அது பதினாறடிமானத்தில் 41503234. அதை எழுத்தாக மாற்றினால் "ஏபி24" என்று வரும், 2.2க்கு "ஏபி22". அதோடு 2.4க்கு 20120211, 2.2க்கு 20051115 என்று திகதி போன்ற ஒரு பதிப்பெண்ணும் உண்டு. ஏற்றும்போது அபாச்சி இவற்றைப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால், எதிர்பார்த்த எண் எது, கண்ட எண் எது என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த இரண்டு எண்களையும் நிதானமாகப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொரு மரை, இழை. அபாச்சி ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிச் செயல்முறை வைத்தும் இயங்கும். ஒரு செயல்முறைக்குள் பல இழைகளை ஓட்டியும் இயங்கும். இழைப் பாதுகாப்பு இல்லாமல் கட்டிய பிஎச்பி இரண்டாவது முறையில் ஏற மறுக்கும். மறுபடி தொகுக்கச் சொல்லும். சஹானா பிறந்த காலத்தில், இழைகளோடு ஓடும் அபாச்சி 2இல் பிஎச்பியைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிஎச்பி கையேடே எச்சரித்தது.

எல்லாவற்றிலும் கொடியது, ஒரு சொல்லும் சொல்லாமல் சர்வர் செத்துப்போவது. அபாச்சி 1.3 காலத்தில் பெர்ல் மொட்யூல் வைத்திருந்தவர்கள் இதில் நன்றாக அடிபட்டார்கள். எக்ஸ்எம்எல் படிக்க எக்ஸ்பேட் என்ற நூலகத்தின் ஒரு பிரதி அபாச்சிக்குள் இருந்தது. பெர்லின் எக்ஸ்எம்எல் பாகமும் தன் சொந்தப் பிரதியைக் கொண்டு வந்தது. இரண்டிலும் செயற்கூறுகளுக்கு ஒரே பெயர். ஒரே செயல்முறைக்குள் இரண்டும் வந்ததும், பெர்ல் தன்னுடையதை அழைப்பதாக எண்ணி அபாச்சியுடையதை அழைத்தது. தரவு அமைப்பு வேறு, நினைவகத்தில் தவறான இடத்தில் கைபட்டது, செக்மென்டேஷன் ஃபோல்ட். தொகுப்பில் பிழை இல்லை, ஏற்றும்போதும் பிழை இல்லை. பிழைநீக்கியை வைத்து, சாகும் கணத்தில் எந்தச் செயற்கூறு எந்தக் கோப்பிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது என்று பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. எக்ஸ்பேட் இல்லாமல் அபாச்சியை மறுபடி கட்டினார்கள், சரியாயிற்று.

அபாச்சி மொட்யூல்கள் எழுதும் வேலையில் இலங்கையருக்கு நேரடிப் பங்கும் உண்டு. அபாச்சி ஆக்சிஸ்2/சி என்ற இணையச் சேவை மென்பொருள் திட்டத்தில் கொழும்புப் பொறியாளர்கள் பெரும் பங்கு எடுத்தார்கள். அபாச்சிக்குள் ஏறும் மொட்யூல் ஒன்றும் அதில் உண்டு. அதைக் கட்டுகிறவர் அபாச்சியின் தலைப்புக் கோப்புகள் இருக்கும் பாதையைத் தாமே கொடுக்க வேண்டும். பாதை மாறினால் மேலே சொன்ன அதே கதைதான்.

பாலமுனை மாணவரின் மடிக்கணினியிலும் இரண்டு அபாச்சிகள் இருந்தன என்று கொள்வோம். சரியான ஏபிஎக்ஸ்எஸ்ஸின் முழுப் பாதையைக் கான்ஃபிகருக்குக் கொடுக்கிறார். பழைய தொகுப்பின் மிச்சங்கள் புதியதோடு கலந்துவிடாதபடி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். தேநீர் குடித்து முடிப்பதற்குள் மேக் முடிகிறது. அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை இல்லை என்று சோதித்த பிறகு அபாச்சியை மறுபடி தொடக்குகிறார். பிஎச்பியின் தகவல் பக்கத்தை உலாவியில் திறந்தால், சர்வர் ஏபிஐ என்ற கட்டத்துக்கு எதிரே "அபாச்சி 2.0 ஹேண்ட்லர்" என்று இருக்கிறது. ஓடுவது 2.4 ஆயிற்றே என்று பதறத் தேவையில்லை. அபாச்சி 2 வரிசை முழுவதற்கும் பிஎச்பி வைத்திருக்கும் இணைப்புப் பாகத்தின் பெயர் அது.