வைஃபை வரவில்லையா? கார்டைக் குறை சொல்லும் முன்...

2025 அக்டோபர் 14-ஆம் தேதி, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் ஓராண்டுக்கு நீட்டித்துக்கொள்ள வழி தரப்பட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மடிக்கணினி நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது! திரை நன்றாக இருக்கும், விசைப்பலகை நன்றாக இருக்கும், பிள்ளைகளின் பள்ளி வேலைக்குப் போதுமானதாகவும் இருக்கும்.

அப்படிப்பட்ட கணினிக்கு மறுவாழ்வு தருவது லினக்ஸ். 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. மின்ட், உபுண்டு என்று பல வகைகளில் கிடைக்கிறது. மாறியவர்கள் பலர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: எல்லாம் வேலை செய்யும், வைஃபை மட்டும் வராது.

செமினியில் என் அக்கா வீட்டிலும் அதுதான் நடந்தது. அக்கா மகன் படிவம் ஐந்து, எஸ்.பி.எம். ஆண்டு. பழைய மடிக்கணினியில் அவனே லினக்ஸ் போட்டுவிட்டு எனக்கு அழைத்தான். "சித்தி, வைஃபை இருக்கிற அடையாளமே காணோம்." கடையில் காட்டியபோது, "கார்டு போச்சு, புது லேப்டாப் வாங்கிடுங்க" என்றார்களாம். புதியது என்றால் இரண்டாயிரம் ரிங்கிட்கூட ஆகலாம். ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

முந்தைய வாரம் வரை விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்த கார்டு, லினக்ஸ் போட்ட அன்றைக்கே எப்படிச் சாகும்? இந்தக் கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது.

மூன்று பேர் ஒத்துழைக்க வேண்டும்

வைஃபை வேலை செய்ய மூன்று பொருள்கள் தேவை. முதலாவது கார்டு, அதாவது கையால் தொடக்கூடிய சில்லு. இரண்டாவது இயக்கி, டிரைவர் என்போம். கணினிக்கும் கார்டுக்கும் இடையே பேசும் மொழிபெயர்ப்பாளர் அது. மூன்றாவது ஃபர்ம்வேர், கார்டுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல். பல கார்டுகளில் அது நிரந்தரமாக இருப்பதில்லை. கணினி திறக்கும் ஒவ்வொரு முறையும் இயக்கிதான் அதைக் கார்டுக்குள் ஏற்றும். மூவரில் ஒருவர் வராவிட்டாலும் வைஃபை இல்லை.

லினக்ஸில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை? கார்டு நிறுவனங்கள் விண்டோஸுக்குத் தாங்களே இயக்கி எழுதித் தந்தன. லினக்ஸ் பக்கம் பல ஆண்டுகள் பலர் எட்டிப் பார்க்கவில்லை. பிராட்காம் சில்லுகளுக்குத் தன்னார்வலர்களே, உள்ளே என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து, இயக்கி எழுத வேண்டியிருந்தது. அந்த நிறுவனம் 2010-இல்தான் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த மூல இயக்கியை வெளியிட்டது. ஃபர்ம்வேர் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: அதன் மூல நிரலை நிறுவனங்கள் பெரும்பாலும் தருவதில்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்ற கொள்கையில் உறுதியாக நின்ற டெபியன், அவற்றைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்காமலே இருந்தது. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை சேர்ந்தே வருகின்றன.

எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்

அக்கா மகனுக்குத் தொலைபேசியில் சொன்ன வரிசையை இங்கும் தருகிறேன். வானொலியில் பேசிப் பழகியதால் கட்டளைகளை எழுத்துக்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'டெர்மினல்' என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்துகொள்ளுங்கள். கட்டளைகள் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்.

முதலில், யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆர், எஃப், கே, ஐ, எல், எல் என்று சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, லிஸ்ட் என்ற சொல்லைத் தட்டுங்கள். 'ஹார்ட் பிளாக்ட்: யெஸ்' என்று வந்தால், பெரும்பாலும் மடிக்கணினியின் ஓரத்தில் உள்ள சுவிட்சோ விமானம் படம் போட்ட விசையோ காரணம். 'சாஃப்ட் பிளாக்ட்: யெஸ்' என்றால், அதே ஆறு எழுத்துகளுக்குப் பின் அன்பிளாக் ஆல் என்று தட்டினால் திறந்துகொள்ளும்.

அடுத்து, கணினிக்குக் கார்டு தெரிகிறதா? எல், எஸ், பி, சி, ஐ; ஓர் இடைவெளி; ஒரு சிறுகோடு; ஒட்டினாற்போல் கே. நீளமான பட்டியல் வரும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இருந்தால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது. அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இயக்கி இல்லை.

அக்கா மகனுடைய கணினியில் சில்லின் பெயரும் எண்ணும் வந்தன. இயக்கி வரி மட்டும் இல்லை. "கார்டு சாகல சித்தி!" என்று அவன் போட்ட சத்தம் அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

இயக்கி வரி இருந்தும் வைஃபை வரவில்லையா? ஃபர்ம்வேரைச் சந்தேகியுங்கள். எஸ், யூ, டி, ஓ, ஓர் இடைவெளி, பிறகு டி, எம், இ, எஸ், ஜி. கணினி திறந்ததிலிருந்து நடந்தவை எல்லாம் நாட்குறிப்புப் போல் ஓடும். அதில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லருகே 'ஃபெயில்ட்' என்றிருந்தால், அந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள்.

சாவி வீட்டுக்குள், பூட்டு வெளியே

இயக்கியை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர இயக்கி வேண்டும். இதற்குக் கைப்பேசி போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்து, அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே கணினிக்குக் கடத்தும்; உங்கள் டேட்டா கரையாது. பிறகு மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்பதைத் திறந்தால், கார்டுக்கு ஏற்ற இயக்கி இருந்தால் அதுவே காட்டும். தேர்ந்தெடுத்து, நிறுவி, கணினியை மூடித் திறக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'செக்யூர் பூட்' இயங்கும் கணினியில், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லும். திரும்பத் திறக்கும்போது நீலத்திரை ஒன்று வரும். பதறி அதைத் தாண்டிவிடாதீர்கள். 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தந்தால்தான் புதிய இயக்கிக்கு அனுமதி கிடைக்கும். அக்கா வீட்டில் அந்தத் திரையைத் தாண்டியதும் வைஃபை பட்டியல் வந்தது. செலவு ஒரு சென்கூட இல்லை.

வந்து வந்து போகிறதா?

இணைப்பு அடிக்கடி அறுந்தால், மின்சிக்கன ஏற்பாடு காரணமாக இருக்கலாம். உபுண்டு, மின்ட் இரண்டிலும் நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் 'வைஃபை பவர்சேவ்' என்ற வரியில் 3 என்றிருக்கும். அதை 2 ஆக்கினால் சிக்கனம் நின்றுவிடும். வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் இல்லையென்றால், பழைய கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியக்கூடும். ரூட்டரில் அந்த அலைவரிசையும் இயங்குகிறதா என்று பாருங்கள்.

பட்டியலில் கார்டே தெரியவில்லையென்றால், அது கழன்றிருக்கலாம், உண்மையிலேயே பழுதாகியும் இருக்கலாம். அப்போதும் முழுக் கணினியை மாற்ற வேண்டியதில்லை. பல மாடல்களில் கார்டை மட்டும் மாற்றலாம். ஆனால் பழைய மாடல்கள் சில, தயாரிப்பாளர் அங்கீகரித்த கார்டைத் தவிர வேறெதையும் ஏற்காது, வாங்குமுன் விசாரியுங்கள். அதைவிட எளிது, யூஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர். 'இதன் இயக்கி லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறதா?' என்று கேட்டு வாங்குங்கள்.

இனிமேல்தான் லினக்ஸுக்கு மாறப்போகிறீர்கள் என்றால், விண்டோஸை அழிக்கும் முன் லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் திறந்து பாருங்கள். வட்டில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்த பிறகே நிறுவலைத் தொடங்குங்கள்.

கடைக்குப் போவதானாலும், தெரிந்தவரிடம் கேட்பதானாலும், சில்லின் பெயரும் எண்ணும், இயக்கி வரி இருக்கிறதா இல்லையா என்பதும், பிழைச் செய்தியில் என்ன வந்தது என்பதும் ஒரு தாளில் எழுதியிருக்கட்டும். அந்தத் தாள் கையில் இருந்தால், 'புதுசு வாங்குங்கள்' என்று யாரும் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.