ஒரே மாதத்தில் நாலு புத்தகம்

ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான் படிக்க வேண்டும் என்று அறிவுரை சொல்பவர்கள், நம் வீடுகளில் வாரப்பத்திரிகை படிக்கப்பட்ட விதத்தை மறந்துவிடுகிறார்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை, மூன்றரை ஆண்டுகள் தொடராக வந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பத்திரிகையில் இன்னொரு தொடர், நூலகத்திலிருந்து வந்த நாவல் என்று எல்லாம் கூடவே ஓடின. எழுதியவர்களும் அப்படித்தான். டிக்கன்ஸ் 1837இல் 'பிக்விக்'கை முடிக்கும் முன்பே 'ஆலிவர் ட்விஸ்ட்'டை ஆரம்பித்துவிட்டார். நம் சுஜாதா பெங்களூரில் பொறியாளர் வேலையும் பார்த்துக்கொண்டு ஒரே சமயத்தில் பல பத்திரிகைகளுக்குத் தொடர் எழுதினார்.

குழப்பம் வராததற்கு இரண்டு காரணம் சொல்லலாம். எங்கே நிறுத்துவது என்பதை எழுத்தாளரே தீர்மானித்தார். தொடர்ந்து வாசிக்காதவர்களுக்கு அவ்வப்போது 'முன்கதைச் சுருக்கம்' இருந்தது. கணினியும் ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் முன், விட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டுதான் தாவுகிறது. பாதிப் பத்தியில் தூங்கிப்போகிற நாம் அதைச் செய்வதில்லை. புத்தகத்தின் பின் அட்டை உள்பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி முன்கதைச் சுருக்கம் எழுதிவைத்தால் போதும், பத்து நாள் கழித்தும் கதை பிடிபடும். (நூலகப் புத்தகம் என்றால் துண்டுச்சீட்டில்!)

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. நினைவகத்தில் கொள்ளாத அளவுக்கு நிரல்களை ஏற்றினால், கணினி வேலை செய்வதை விட்டுவிட்டுப் பக்கங்களைக் கொண்டுவருவதிலும் திருப்பி அனுப்புவதிலுமே பொழுதைக் கழிக்கும். பீட்டர் டென்னிங் 1968இல் இதை விளக்கினார். ('பக்கம்' என்பது அங்கே நிஜமான கலைச்சொல், சிலேடை என்னுடையதல்ல.) மருந்து, எல்லாவற்றையும் மெதுவாக ஓட்டுவதல்ல. ஒன்றை முழுசாக வெளியே எடுப்பது. அலுவலகத்தில் வேலை குவிகிற மாதத்தில் ஒரு புத்தகத்தை அலமாரிக்கே திருப்பிவிடுவது இந்த வகைதான். மற்றபடி, ஒன்றுபோல் இல்லாதவையாக இருந்தால் நாலு கூடத் தாங்கும். இரண்டு ருஷ்ய நாவல்களைச் சேர்த்துப் படித்தால் பெயர்களிலேயே தாவு தீர்ந்துவிடும். ஒரு நாவலும் குறுந்தொகையும் அப்படி மோதிக்கொள்ளாது. பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடிக்குள் முடிகிற பாட்டு, தேநீர் கொதிக்கிற நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

எதை வெளியே எடுப்பது என்பதில்தான் சிக்கல். அலுவலகப் புத்தகத்துக்குக் கெடு உண்டு. நூலகத்து ஆங்கில, பிரெஞ்சுப் புத்தகங்களுக்குத் திருப்பித் தரும் தேதி உண்டு. சென்னையிலிருந்து பெட்டியில் எடை பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த தமிழ்ப் புத்தகத்துக்கு எந்தத் தேதியும் கிடையாது. நம்முடையதுதானே, எங்கே போகப்போகிறது? அதனாலேயே ஒவ்வொரு மாதமும் அதுதான் வெளியேறுகிறது. இயங்குதளக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'பட்டினி'. முன்னுரிமை இல்லாத வேலைக்கு முறையே வராமல் போவது. காத்திருக்கக் காத்திருக்க அதன் முன்னுரிமையை உயர்த்திக்கொண்டே போவது அவர்கள் கண்ட வழி.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஏறினால் லூசியன்-லாலியே நிலையம் வரை முக்கால் மணி நேரம் போல ரயில். அந்த நேரத்தை அதிகம் காத்திருந்த தமிழ்ப் புத்தகத்துக்கு என்றே ஒதுக்கியிருக்கிறேன். இந்த மாதம் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. டோர்வாலில் கூட்டம் ஏறுவதற்குள் பத்துப் பக்கம் ஓடிவிடுகிறது.