இயங்கும் சேமிப்புத் தொகுதியில் பழுதுப் பிரிவு மாற்றம்

மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. பல கணிப்பொறிகளை இணைத்து ஒரே யந்திரம்போல் இயக்கும் ‘அனுபம்’ என்னும் அமைப்பு 1990-களில் இங்கு வளர்ச்சி பெற்றது. கணக்கிடும் வேலையைப் பகிர்ந்தளிப்பது போலவே, குவியும் தகவலையும் பல யந்திரங்களில் பகிர்ந்து வைக்கலாம். இதுவே சேமிப்புத் தொகுதி எனப்படும்.

பெரிய தொகுதியில் வட்டுகள் பழுதாவது சாதாரண நிகழ்ச்சி. ஆகவே ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் வழக்கமாக மூன்று பிரதிகள் எடுத்து, வெவ்வேறு யந்திரங்களில் வைப்பர். எனினும் எண்ணிக்கை மட்டுமே பாதுகாப்பு ஆகாது. ஒரே காரணத்தால் ஒருங்கே செயலற்றுப் போகக்கூடிய சாதனங்களின் கூட்டம் ‘பழுதுப் பிரிவு’ எனப்படும். வட்டு, யந்திரம், யந்திரங்களை அடுக்கிய ரேக், கட்டடம் என இப்பிரிவுகள் ஒன்றினுள் ஒன்றாக அமைகின்றன.

பொதுக் காரணத்தின் வலிமையை மும்பை நன்கறியும். வெளி மின்தொடரில் கோளாறு நேரின், நகரைத் தனித்தீவுபோல் பிரித்துக் காக்கும் ஏற்பாடு அங்கு உண்டு. செம்பூர்ப் பகுதியில் மாகுலிலுள்ள டிராம்பே அனல் மின்நிலையம் அதன் முக்கிய உறுப்பு. 2020 அக்டோபர் 12 அன்று அவ்வேற்பாடு பயன் தரவில்லை. நகரின் பெரும்பகுதி மின்சாரமின்றி நின்றது. மின்சார ரயில்களும் ஓடவில்லை. பிரித்து வைத்திருப்பதாக எண்ணுவது வேறு, பிரிந்திருப்பது வேறு.

ஒரு சிறு கணக்கு

நான்கு ரேக்குகளில், ரேக்குக்கு மூன்றாக, 12 சம யந்திரங்கள் இருப்பதாகக் கொள்க. பிரதிகள் வெவ்வேறு யந்திரங்களில் இருந்தால் போதும் என்பது விதியானால், அவற்றை வைக்க 220 வழிகள் உள்ளன. இவற்றுள் மூன்று பிரதிகளும் தனித்தனி ரேக்குகளில் அமைவன 108. இரண்டு பிரதிகள் ஒரே ரேக்கில் அமைவன 108. மூன்றும் ஒரே ரேக்கில் அமைவன 4. ஒரு ரேக் நின்றுவிட்டால், 220-ல் ஒரு பங்குத் தகவலின் எல்லாப் பிரதிகளும், 27 பங்கின் இரண்டு பிரதிகளும் கிட்டாமற் போகும். இரு பிரதிகளேனும் இல்லாவிடில் எழுதவும் படிக்கவும் இடமளிக்கலாகாது என்பது வழக்கமான கட்டுப்பாடு. ஆகவே ஏறத்தாழ 13 சதவிகிதத் தகவல் முடங்கிவிடும். ‘ரேக்குக்கு ஒரு பிரதி’ என்று விதியை மாற்றினால் இந்த அபாயம் நீங்கும்.

மாற்றத்தில் உள்ள இடர்

விதியை மாற்றுவது ஒரு கட்டளையில் முடியும்; பிரதிகளை நகர்த்துவது அவ்வாறன்று. மேற்கூறிய உதாரணத்தில் 660 பிரதிகளுக்கு 116, அதாவது ஏறத்தாழ 18 சதவிகிதம், இடம் மாறியே தீரவேண்டும். 2006-ல் கலிபோர்னியாவில் சேஜ் வைல் முதலியோர் வெளியிட்ட ‘கிரஷ்’ முறையை ஆதாரமாகக் கொண்ட ‘செஃப்’ என்னும் தொகுதியில், பிரதியின் இடம் பட்டியலைப் பார்த்து அன்றி, கணக்கிட்டே அறியப்படுகிறது. விதி மாறினால் எல்லா இடங்களும் புதிதாகக் கணக்கிடப்படும். நகர்வு இன்னும் மிகும். வலைப்பின்னல் நெரிசலுற்று, தொகுதியைப் பயன்படுத்துவோரின் வேலை தாமதமாகும்.

ஆயினும் ஒரு நற்பண்பு உண்டு. புதிய இடத்தில் பிரதி முழுமையாகும் வரை பழைய பிரதி அழிக்கப்படுவதில்லை. இம்முறையில் பிரதிகள் ‘இடம் பிசகியவை’யே அன்றிக் ‘குறைந்தவை’ அல்ல. நகர்வு நடைபெறுகையில் இந்த வேறுபாட்டை இடைவிடாது கவனித்தல் வேண்டும்.

செய்முறை

முதற்கண், பிரதிகள் அனைத்தும் குறைவின்றி உள்ளனவா என்றும், காலி இடம் போதுமா என்றும் பார்க்கவேண்டும். செஃப் முறையில் வட்டு 85 சதவிகிதம் நிரம்பியதும் எச்சரிக்கை எழும். 90 சதவிகிதத்தில் அவ்வட்டிற்குப் பிரதிகளை நகர்த்துவது நிற்கும். 95 சதவிகிதத்தில் எழுதுவதே நிற்கும். ரேக்குகளின் எண்ணிக்கை பிரதிகளின் எண்ணிக்கைக்குக் குறையலாகாது. மூன்று ரேக்குகளே இருப்பின், ஒன்று போனால் மூன்றாம் பிரதியை மீண்டும் அமைக்க இடமிராது. நான்கு இருத்தல் நலம். அவற்றின் கொள்ளளவும் ஏறத்தாழச் சமமாக இருத்தல் வேண்டும்.

அடுத்து, பழைய விதியைத் திருத்தாமல் புதிய விதியைத் தனியே எழுதி, தொகுதியின் வரைபடப் பிரதி ஒன்றில் சோதித்து, எவ்வளவு நகரும் என்று அறியலாம். பழைய விதி அழியாதிருப்பதால் திரும்பி வரவும் வழியுண்டு. யந்திரங்களை வரைபடத்தில் ரேக்குகளின் கீழ் சேர்ப்பதே இடங்களை மாற்றிவிடும். ஆகவே நகர்வை நிறுத்திவைக்கும் கட்டளையை முன்னரே இடுவர். பழுதால் குறைந்த பிரதிகளைப் புதுப்பிக்கும் வேலை இதனால் தடைப்படாது.

பின்னர், முதலில் சிறிய சேமிப்புப் பகுதிக்கும் அடுத்துப் பெரியவற்றுக்குமாக, ஒவ்வொன்றாகப் புதிய விதியைப் பொருத்தி, ஒரே வேளையில் நகரும் பிரதிகளுக்கு வரம்பிட்டு, நிறுத்தத்தை நீக்குவர். 2017 முதல் கிட்டும் விலக்குப் பட்டியல் வசதியால், புதிய விதிக்கு ஏற்கெனவே இணங்கும் பிரதிகளை இருந்த இடத்திலேயே வைத்து வீண் நகர்வைத் தவிர்க்கலாம். விதியை மீறும் பிரதிகளுக்கு இச்சலுகை இல்லை. அவை நகர்ந்தே ஆகவேண்டும். நகர்வின் நடுவே வட்டு ஒன்று பழுதானால், குறைந்த பிரதிகள் நிறைவுறும் வரை எஞ்சிய மாற்றத்தை நிறுத்துவதே முறை.

நகர்வு முடிந்ததும், ஒரு ரேக்கை நிறுத்தினாலும் எல்லாத் துண்டுகளும் கிட்டுமா என்று சோதித்தல் இன்றியமையாதது. வரைபடத்தில் எழுதிய ரேக்கும், உண்மையில் மின்கம்பி செல்லும் ரேக்கும் ஒன்றாக இருந்தாலன்றி இவ்வளவு உழைப்பும் பயனற்றதாகும். யந்திரம் ஒன்றை இடம் மாற்றும்போதெல்லாம் வரைபடத்தையும் உடன் திருத்திவரும் நிலையங்களிலேயே மூன்று பிரதிகள் உண்மையில் மூன்றாக நிலைக்கும்.