சைகை யாருடையது? – டான் செர்ரியின் நால்வர்

ஜாஸ் என்றால் சுதந்திரம் என்று எழுதிவிடுவது சுலபம். நானும் எழுதியவன்தான். 'அந்தச் சுதந்திரம் எப்படிய்யா வேலை செய்யுது?' என்று தோழர் ஒருவர் கேட்டபோதுதான் முழித்தேன். அவருக்கான பதிலாக ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொள்கிறேன்.

1965 டிசம்பர் 24. நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடம். ப்ளூ நோட் நிறுவனத்துக்காக, தன் தலைமையில் முதல் தட்டைப் பதிவு செய்கிறார் டான் செர்ரி: 'கம்ப்ளீட் கம்யூனியன்'. ஆர்னெட் கோல்மனின் குழுவில் ட்ரம்பெட் வாசித்துப் பெயர் பெற்றவர். இதில் ஊதுவது அதன் குட்டைத் தம்பியான கார்னெட். குழு புதுசு. சாக்ஸபோனில் அர்ஜென்டினாக்காரர் காட்டோ பார்பியேரி, டபுள் பாஸில் ஹென்றி கிரைம்ஸ், டிரம்ஸில் நியூ ஆர்லியன்ஸ்காரர் எட் பிளாக்வெல். பியானோ இல்லை.

பியானோ இருந்தால் அது சுரங்களை அடுக்கி மற்றவர்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். எடுத்துவிட்டால் பாதையும் போகிறது. காதுதான் மிச்சம்.

வழக்கமான ஜாஸ் நம்முடைய கூட்டம் மாதிரி. தலைமையுரையாக ஒரு மெட்டு. வரிசையாக ஆளுக்கொரு பேச்சு. நன்றியுரையாக மறுபடி அதே மெட்டு. செர்ரி இந்த ஒழுங்கைக் கலைக்கிறார். பக்கத்துக்கு ஒன்றாக, ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும் இரண்டு தொடர் இசைகள். ஒவ்வொன்றிலும் நான்கு மெட்டுகள், நடுவே நிறுத்தமில்லை. ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கார்னெட் ஒரு மெட்டின் நுனியைத் தொடும். மற்றவர்கள் பிடித்துக்கொண்டால் மொத்த இசையும் இடம் மாறும்.

ஆக, தலைமை ஒழிந்துவிடவில்லை. மெட்டுகள் செர்ரியுடையவை, அட்டையில் பெயரும் அவருடையதே. ஆனால் அவருடைய சைகை கட்டளை அல்ல. மற்ற மூவரும் கேட்டு எடுத்துக்கொண்டால்தான் அதற்கு உயிர். அதிகாரம் இங்கே ஓர் இடத்தில் குந்தியிருப்பதில்லை, கேட்கப்படுவதில் இருக்கிறது. சுதந்திரம் என்று நான் எழுதியதை இப்போது கவனம் என்று திருத்துவேன்.

இத்தோடு முடித்தால் அழகாகத்தான் இருக்கும். ஹென்றி கிரைம்ஸ் விடமாட்டார்.

அறுபதுகளின் இறுதியில் அவர் இசை உலகிலிருந்து காணாமல் போனார். பழுதான பாஸைச் சரிசெய்யக் காசில்லாமல் லாஸ் ஏஞ்சல்ஸில் விற்றுவிட்டார். கிடைத்த கூலி வேலை, ஒற்றை அறை, நோட்டுப் புத்தகத்தில் கவிதைகள். செத்துவிட்டார் என்றே பலரும் நம்பினார்கள். 2002இல் ஒரு ரசிகர் தேடிக் கண்டுபிடித்தார். வில்லியம் பார்க்கர் என்ற பாஸ் கலைஞர் தன்னிடமிருந்த ஒரு பாஸைக் கொடுத்தார். 2003இல் மேடைக்குத் திரும்பிய கிரைம்ஸ், 2020இல் கொரோனாவில் இறந்தார்.

நான்கு பேரும் சமமாக ஒலித்த அந்த இசையின் தரையைத் தாங்கியவர் இவர். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் இருந்த சமத்துவம் வாசலைத் தாண்டவில்லை. வடிவத்தில் புரட்சி செய்தவர்களுக்கு வாத்தியத்தை ரிப்பேர் செய்யக் காசு எங்கிருந்து வரும் என்பது வடிவம் தீர்க்கிற கேள்வி அல்ல. அதற்காக வடிவம் வீண் என்றும் சொல்லமாட்டேன். ஒருவரை ஒருவர் கேட்பது எப்படி என்று அதுதான் காட்டிக் கொடுத்தது.

குழு, கூட்டுச் செயல்பாடு என்று நாம் நிறையப் பேசுகிறோம். நம் குழுவில் பாஸ் வாசிக்கிறவர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.