வெளிநாட்டில் ஓட்டிய பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

வெளிநாட்டு வேலையை முடித்து ஊர் திரும்பும்போது, 'ஆசையா ஓட்டின காரையும் கப்பல்ல ஏத்திடலாமே' என்று தோன்றலாம். அதற்கு முன் காரின் வயதைப் பார்த்துவிடுவது நல்லது.

வயது எவ்வளவு?
பயன்படுத்திய கார், தயாரித்த தேதியிலிருந்து 3 ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. நீங்கள் வாங்கிய தேதி கணக்கில் வராது. போன வருஷம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார் என்றாலும், தயாராகி 5 ஆண்டு ஆகியிருந்தால் அனுமதி இல்லை. விண்டேஜ் கார்களுக்கு மட்டும் விதி தனி.

வேறு என்ன நிபந்தனை?
ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். சிங்கப்பூர் காரில் இந்தச் சிக்கல் இல்லை. துபாய் கார் பெரும்பாலும் இங்கேயே அடிபட்டுவிடும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும்.

சோதனை எங்கே?
இரண்டு முறை. கப்பலேறும் முன், இந்திய மோட்டார் வாகன விதிகளுக்குக் கார் பொருந்துகிறது என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். இறக்குவது மும்பைத் துறைமுகத்தில் மட்டுமே, சென்னையில் முடியாது. வந்த பிறகு, புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற மையத்தில் மறுபடியும் சோதனை. இன்னும் 5 ஆண்டாவது சாலையில் ஓடும் தகுதி காருக்கு இருக்க வேண்டும்.

ஆகவே, கப்பல் கட்டணம் கட்டும் முன் ஆவணத்தில் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். அது 3 ஆண்டைத் தாண்டிவிட்டால், காரை அங்கேயே விற்றுவிடுவதுதான் லாபம்.