மரத் தரை போடப் போகிறீர்களா? மூச்சையும் கொஞ்சம் கவனியுங்கள்!

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட். கணவர் வங்கி ஊழியர். மனைவி பள்ளி ஆசிரியை. கூடவே எழுபது வயது மாமியார். மொசைக் தரை மங்கிப் போய், அங்கங்கே கீறல் விட்டிருந்தது.

"ஏங்க, நம்ம பெட்ரூமுக்கு மட்டும் மரத் தரை போட்டா எப்படி இருக்கும்? உங்க அக்கா வீட்டு போட்டோவுல பார்த்தோமே, பளபளன்னு!"

அக்கா இருப்பது அமெரிக்காவில். ஆனாலும் ஆசை யாரை விட்டது? கூலியைக் கேட்டதும் கணவர் ஒரு முடிவுக்கு வந்தார். "மே மாசம் உனக்கு லீவு. நானும் பத்து நாள் லீவு போடறேன். நாமே போட்டுடலாம்."

போட்டார்கள். நிஜமாகவே நன்றாகப் போட்டார்கள். மொசைக்கின் மேல் பிளைவுட்டை ஒட்டி, அதன் மேல் தேக்குப் பலகைகளை அடித்து, மெஷின் வாடகைக்கு எடுத்துத் தேய்த்து, மெலமைன் பாலிஷும் கொடுத்தார்கள். கையோடு ஜன்னலில் இருந்த பழைய பெயின்ட்டையும் சுரண்டி எடுத்தாயிற்று. பாலிஷில் தூசி ஒட்டக் கூடாதே என்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி. கத்திரி வெயில் புழுக்கம். "அம்மா, நீ புது ரூம்ல ஏ.சி. போட்டுக்கிட்டுப் படும்மா" என்றார் மகன் பாசத்தோடு. அம்மாவுக்குப் பல வருஷமாக லேசான வீஸிங் உண்டு. விடியற்காலை இரண்டு மணிக்கு அவரால் ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகப் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நெபுலைசர் வைத்து, மூச்சு சீரானதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி:

"வீட்டுல பெயின்ட், பாலிஷ்னு ஏதாவது வேலை நடந்துதா சார்?"

மகன் முகம் சுருங்கிப் போயிற்று.

தப்பு எங்கே நடந்தது?

தேக்கின் மேல் பழி போட வேண்டாம். படுக்கையறை என்பது ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் நாம் தொடர்ந்து மூச்சு விடும் இடம். அங்கே தரையை மாற்றினால் காற்றும் மாறிவிடும். இந்தத் தம்பதி தரையைப் பார்த்தார்கள். காற்றைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். ஒரே வாரத்தில் அந்தச் சின்ன அறையில் நாலு விஷயங்கள் சேர்ந்துவிட்டன.

முதலாவது, மரத்தூள். தேய்க்கும் மெஷினிலிருந்து பறக்கும் தூளில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். தெரியாத நுண்தூள் பல மணி நேரம் காற்றிலேயே மிதக்கும். மூச்சுக்குழாயை உறுத்தி இருமல், இழுப்பு எல்லாம் கொண்டுவரும். வருஷக்கணக்கில் மரத்தூளைச் சுவாசிக்கும் தொழிலாளிகளுக்கு மூக்கில் புற்றுநோய் வரக்கூடும் என்பதால், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு அறைக்குத் தரை போடுவதால் புற்றுநோய் வந்துவிடாது. பயம் வேண்டாம். ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு ஒரு நாள் தூளே போதும்.

இரண்டாவது, பழைய பெயின்ட். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஜன்னல், கதவு பெயின்ட்டில் ஈயம் கூடுதலாக இருந்திருக்கலாம். உலர்ந்த பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த ஈயம் தூளாகி, தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது மராமத்து வேலை எடுக்காதே என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, காரணம் எதுவானாலும், பலன் நல்லதுதான்!

மூன்றாவது, பசையும் பாலிஷும். விலை குறைந்த பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மெல்ல மெல்லக் கசியும். மெலமைன் பாலிஷிலிருந்தும் வரும். பாலிஷ் அடித்த அறைக்குள் நுழைந்தால் கண் கரிக்கிறதே, பெரும்பாலும் இதன் வேலைதான். சூடும் ஈரமும் சேர்ந்தால் கசிவு இன்னும் கூடும். மே மாதச் சென்னைக்குச் சொல்லவா வேண்டும்! முதல் சில வாரங்கள்தான் ரொம்ப மோசம். பிறகு படிப்படியாகக் குறையும்.

நாலாவதுதான் பலருக்குத் தெரியாதது. நம் வீடுகளில் உள்ள ஸ்பிலிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டதால் அந்த அம்மா ராத்திரி முழுக்கப் பாலிஷ் ஆவியைத்தான் சுவாசித்திருக்கிறார்.

'வுடன் ஃப்ளோரிங்' என்றால் எது?

தி.நகர்ப் பக்கம் கடையில் கேட்டால் மூன்று வித சரக்கை ஒரே பெயரில் காட்டுவார்கள். முழு மரப் பலகை ஒன்று. தேக்கு, ஓக் மாதிரி. அடியில் பிளைவுட், மேலே சில மில்லிமீட்டர் நல்ல மரம் ஒட்டிய 'எஞ்சினியர்டு' பலகை இன்னொன்று. மூன்றாவது லேமினேட். அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டியது. விலையும் அந்த வரிசையில்தான் இறங்கும்.

பசை அதிகம் சேர்ந்தவை பின்னவை இரண்டும். அதனால் வாங்கும்போது, "இது ஈ-1 தரமா, ஈ-0 தரமா?" என்று கேளுங்கள். ஃபார்மால்டிஹைடு கசிவு குறைவு என்பதற்கான அடையாளம் அது. ஈ-0 இன்னும் மேல். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 'அதெல்லாம் நல்ல சரக்கு சார்' என்ற வாய்மொழி போதாது.

சென்னைக் காற்றும் மரமும்

மயிலாப்பூரின் பழைய வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? மரம் தலைக்கு மேலே இருக்கும். பர்மா தேக்கு உத்தரங்கள், அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த மெட்ராஸ் டெரஸ். காலுக்குக் கீழே சிவப்பு சிமென்ட் தரை அல்லது கடப்பைக் கல். ஈரம் கீழிருந்து ஏறும், தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டும் என்று தெரிந்து கட்டியது போலத்தான் இருக்கிறது.

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் காலைநேர ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். ஏ.சி. ஓடும் அறையிலோ வெகுவாகக் குறையும். ஒரு பலகை அரை மில்லிமீட்டர் உப்பினாலும், பத்தடி அறையில் முப்பது பலகைக்கு 15 மில்லிமீட்டர் ஆயிற்றே! அது போக இடம் வேண்டாமா? அதற்காகத்தான் சுவரை ஒட்டிச் சுற்றிலும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைப்பார்கள். நம் தம்பதி இடைவெளியே விடாமல் சுவரோடு சுவராக அடித்திருந்தார்கள். நவம்பர் மழையில் நடு அறையில் இரண்டு பலகைகள் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நின்றன. அம்மா அதில் தடுக்கி விழாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டது அவர்கள் அதிர்ஷ்டம்.

ஈரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பலகைக்கு அடியில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீரில் நனைந்த மரத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே அது ஆரம்பித்துவிடலாம். பூஞ்சண வித்துகள் இழுப்பைத் தூண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிப் பக்கம் அதே கதை. அதனால் தரைத்தளத்தில், அதுவும் தண்ணீர் நிற்கும் தெருவில் குடியிருப்பவர்கள் மரத் தரை ஆசையை விட்டுவிடுவதே நல்லது. மொசைக்கும் டைல்ஸும் கழுவித் துடைத்தால் தீர்ந்தது!

"மரத் தரை போட்டால் ஆஸ்துமா குறையுமாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். கம்பளம் விரித்த வீட்டோடு ஒப்பிட்டால் தூசி தங்குவது குறையும், உண்மைதான். குளிர்நாட்டுக்காரர்கள் கம்பளத்தை எடுத்துவிட்டு மரம் போடுகிறார்கள். நம் வீட்டில் ஏற்கெனவே இருப்பது வழுவழு மொசைக்! அதை விட மரம் ஒன்றும் சுத்தமாகிவிடாது. தூசிப் பூச்சிகள் பெரும்பாலும் மெத்தையிலும் தலையணையிலும்தான் வாழ்கின்றன. ஆகவே தரையை மாற்றுவதற்கு முன் தலையணை உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். அது செலவில்லாத வைத்தியம்.

சரி, போட்டே தீருவது என்றால்...

1. ஈரச் சோதனை: இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர் முத்து கோத்திருந்தால், மரம் வேண்டாம். புது சிமென்ட் தளம் என்றால் ஒரு அங்குலக் கனத்துக்குச் சுமார் ஒரு மாதம் காய விட வேண்டும்.

2. பலகையைப் பழக்குங்கள்: வாங்கி வந்ததும் கட்டைப் பிரித்து, அதே அறையில் குறைந்தது மூன்று நாள், முழு மரம் என்றால் ஒரு வாரமோ அதற்கு மேலோ வைத்திருந்து பிறகு அடியுங்கள்.

3. அறுப்பது மொட்டை மாடியில்: நல்ல ஆசாரி வீட்டுக்குள் ரம்பம் பிடிக்க மாட்டார். அறைக்குள் தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், தூசிப்பை உள்ள மெஷின் வாங்குங்கள். கதவுக்கு ஈரத் துணி கட்டி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஏற்கெனவே பாலிஷ் ஆகி வரும் பலகை வாங்கினால் இந்தத் தொல்லையே பாதி குறைந்தது.

4. என்-95 மாஸ்க், கண்ணாடி: கொரோனா காலத்தில் வாங்கி வைத்த என்-95 இதற்கு உதவும். சாதாரணத் துணி மாஸ்க்கும், மூக்கில் கட்டும் கைக்குட்டையும் நுண்தூளைத் தடுக்காது.

5. பழைய பெயின்ட்டை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள்: தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள். தூளைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். உரியாமல் நன்றாக இருக்கும் பெயின்ட் என்றால், அதன் மேலேயே புது பெயின்ட் அடித்துவிடலாம்.

6. தீ: பாலிஷ், தின்னர் ஆவி தீப்பிடிக்கும். வேலை நடக்கும் நாட்களில் அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி எதுவும் கூடாது.

7. காத்திருங்கள்: தண்ணீரில் கரையும் பாலிஷ் வாசனை குறைவு, கிடைத்தால் அதையே கேளுங்கள். எதுவானாலும் ஜன்னலைத் திறந்து, மின்விசிறி போட்டு, குறைந்தது ஒரு வாரம் அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். ஆஸ்துமாக்காரர், குழந்தை, கர்ப்பிணி என்றால் இரண்டு வாரம். அதற்குப் பிறகும் வாசனை இருந்தால், இன்னும் பொறுங்கள்.

8. ஆணி குத்தினால்: சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு சின்னப் படி

பிளைவுட்டும் பலகையும் சேர்ந்து தரை ஒரு அங்குலம் உயர்ந்துவிடும். அறை வாசலில் முன்பு இல்லாத ஒரு படி முளைக்கும். இளசுகளுக்கு அது தெரியாது. ராத்திரி பாத்ரூம் போகும் பெரியவர்களுக்கு அதுதான் எமன். அந்த வயசில் இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கை. அதனால் வாசலில் சரிவான மரப் பட்டை வையுங்கள். ராத்திரி சின்ன விளக்கு எரியட்டும். மழமழவென்று கண்ணாடி மாதிரி பாலிஷ் கேட்காமல், மங்கலான பாலிஷாகக் கேளுங்கள். வழுக்காது.

வேலைக்காரம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வாளித் தண்ணீரும் ஃபினாயிலும் இந்த அறைக்கு வேண்டாம். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

எப்போது ஓட வேண்டும்?

இழுப்புக்காரருக்கு இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சும் கழுத்தும் உள்வாங்குகின்றன என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன்பே அவரைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுவது இன்னும் புத்திசாலித்தனம்.

மயிலாப்பூர் தம்பதி என்ன ஆனார்கள் என்கிறீர்களா? சுவரோரப் பலகைகளைக் கழற்றி, இழைத்து, இடைவெளி விட்டு மறுபடி அடித்தார்கள், இந்த முறை மொட்டை மாடியில் வைத்து! அம்மா பத்து நாள் நங்கநல்லூரில் மகள் வீட்டில் இருந்தார். இப்போது அந்த அறையில்தான் படுக்கிறார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து வைக்கிறார்.

"தரை நல்லாத்தான் இருக்குடா" என்கிறாராம் மகனிடம், "ஆனா காத்து வரட்டும்!"